பசலி 1214-ம் என் அண்ணன் மகளின் ஆராய்ச்சியும்

என் அண்ணன் மகள் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, வெளிநாட்டில் அதற்கு மேலும் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறாள். "பட்டம்தான் வாங்கியாச்சே, இன்னும் என்ன ஆராய்ச்சி?" என்று என் மனைவி கேட்டாள். நிரந்தர வேலை கிடைக்கும்வரை இரண்டு மூன்று வருஷம் இப்படி ஓட்ட வேண்டுமாம், நம்ம ஊர் தற்காலிகப் பணி மாதிரி என்று நான்தான் விளக்கினேன். பொங்கலுக்கு வந்திருந்தபோது தலைப்பைக் கேட்டேன். "அரசின் செயல்திறனும் பொருளாதார வளர்ச்சியும், சித்தப்பா" என்றாள்.

வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து அந்தத் துறையிலேயே ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியுமா? "காட்டும்மா பார்ப்போம்" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மடிக்கணினியில் ஒரு பெரிய அட்டவணை. உலக நாடுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வருஷவாரியாக ஒரு மதிப்பெண். உலக வங்கியில் டேனியல் காஃப்மன், ஆர்ட் கிராய் என்ற இருவர் முன்நின்று உருவாக்கியதாம். 1996-லிருந்து கணக்கு இருக்கிறது. ஊழல் கட்டுப்பாடு, சட்டத்தின் ஆட்சி என்று ஆறு தலைப்புகள். அதில் ஒன்று அரசின் செயல்திறன். மதிப்பெண் ஏறக்குறைய மைனஸ் இரண்டரையிலிருந்து பிளஸ் இரண்டரை வரை போகும். நாங்கள் படித்த காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே யாருக்கும் மார்க் போட்டதில்லை.

"இந்த மார்க்கை யாரும்மா போடுறது?"

தொழில் நிறுவனங்களிடமும் பொதுமக்களிடமும் எடுத்த கருத்துக் கணிப்புகள், நிபுணர்களின் மதிப்பீடுகள், இவற்றையெல்லாம் கலந்து கணக்குப் போடுகிறார்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷம் ஜமாபந்தியில் தாசில்தாரைப் பற்றி ஒரு புகார்கூட வராது. மழை பொய்த்த வருஷம் அதே தாசில்தார் அயோக்கியன் ஆகிவிடுவார். இதைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். மார்கஸ் குர்ட்ஸ், ஆண்ட்ரூ ஷ்ராங்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-ல் இதையேதான் எழுதியிருக்கிறார்களாம். பொருளாதாரம் வளரும் நாட்டில் இருப்பவர்கள் தங்கள் அரசுக்குத் தாராளமாக மார்க் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் அதே மார்க்கை வைத்துக்கொண்டு, நல்ல அரசால்தான் வளர்ச்சி வந்தது என்று சொன்னால் எப்படி?

"அப்போ எதை வெச்சு அளக்கிறது சித்தப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அவள் ஊருக்குக் கிளம்பிய பிறகு, பரணில் கிடந்த பழைய புத்தகங்களை இறக்கினேன். நெல்சன் 1868-ல் வெளியிட்ட மதுரைச் சீமைக் கையேட்டின் நகல் ஒன்று, பிரான்சிஸ் 1906-ல் தொகுத்த மதுரை கெஜட்டியர், நான் அவ்வப்போது எடுத்து வைத்திருந்த குறிப்புகள். அதைப் படிக்கப் படிக்க, அவள் உலகமெல்லாம் தேடுகிற விஷயத்தில் ஒரு பகுதியை நம் திண்டுக்கல் சீமையிலேயே ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் கதை நம் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 1755-ல் ஹைதர் அலி இங்கே மைசூரின் பவுஜ்தாராக வந்தார். அவர் ராஜ்யத்தையே பிடிக்கிற அளவுக்கு உயர்ந்ததற்கு இந்த ஊர்தான் முதல் படி. வேலுநாச்சியார் தஞ்சம் புகுந்து படை திரட்டியது நம் விருப்பாட்சியில். கும்பெனிக்காரர்கள் கோட்டையைப் பிடிப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாக இருந்து, 1790-ல் மறுபடியும் பிடித்தார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக்கொடுத்தபோது, பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் கும்பெனி கைக்குப் போயின.

நிலம் வந்துவிட்டது. யாருடைய நிலம், எவ்வளவு நிலம், அதில் என்ன விளைகிறது என்று கும்பெனிக்கு எதுவும் தெரியாது. கணக்கு கர்ணத்தின் ஓலையில் இருந்தது. அதிகாரம் பாளையக்காரரின் கையில் இருந்தது. முதல் சில வருஷங்கள் இன்ன தொகை கட்டு என்று குத்தகை பேசிப் பார்த்தார்கள். பாளையக்காரர்கள் சிலர் கட்டினார்கள், சிலர் கட்டவில்லை, சிலர் எதிர்த்து நின்றார்கள். விருப்பாட்சி கோபால நாயக்கரை 1801-ல் தூக்கிலிட்டார்கள். கோபாலசமுத்திரக் குளத்துக்குப் பெயர் வந்த கதையாக நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

1796-ல் ஹர்டிஸ் என்ற கலெக்டர் வந்தார். வயல் வயலாக அளக்கச் சொன்னார். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று தரம் பிரித்தார். ஒவ்வொரு தரத்துக்கும் இவ்வளவு தீர்வை என்று எழுதினார். இதே வேலையைப் பாராமகாலில் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் செய்துகொண்டிருந்தார்கள். மன்றோவுக்குப் பெயர் வந்தது. சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். ஹர்டிஸ் பெயரில் நம் ஊரில் ஒரு சந்துகூட இல்லை. நான் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. தீர்வை கடுமையாகவே இருந்தது, பாளையக்காரர்களை ஒடுக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நிலத்தில் இறங்கி நடந்து எழுதிய கணக்கு அது.

அந்தக் கணக்கை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. வங்காளத்தில் 1793-ல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வையை மதராஸ் மாகாணத்திலும் அமல்படுத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஜமீன்தார்கள் இருக்கிற இடத்தில் அவர்களுக்கே பட்டா. இல்லாத இடத்தில்? உண்டாக்கு! அரசு நேரடியாக வைத்திருந்த கிராமங்களை மிட்டா மிட்டாவாகப் பிரித்து, மிட்டாதார் என்று புதிதாக ஓர் ஆளை உண்டாக்கினார்கள். இன்ன தொகையை வருஷா வருஷம் அவர் கட்டிவிட வேண்டும்; அதற்குமேல் குடியானவனிடம் வசூலிப்பது அவர் பாடு. 1804-05-ல் திண்டுக்கல் சீமையும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தது. எங்கள் துறைக் கணக்கில் சொன்னால் பசலி 1214.

ஐந்து வருஷம்கூட ஒழுங்காக ஓடவில்லை. தொகை ஏற்கெனவே உச்சத்தில் வைத்தது. மழை பெய்தாலும் அதுதான், பெய்யாவிட்டாலும் அதுதான். 1806, 1807-ல் மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். மிட்டாதார் பாக்கி வைத்தார், மிட்டா ஜப்தியானது, கடைசியில் அரசிடமே திரும்பி வந்தது. சரி, ஜமீன் வேண்டாம் என்று அடுத்ததாகக் கிராமக் குத்தகை. ஊரை மொத்தமாக மூன்று வருஷத்துக்கு ஒருவருக்கோ ஊர்ப் பெரியவர்களுக்கோ குத்தகை விடுவது. அப்புறம் அதையே பத்து வருஷமாக நீட்டுவது. அதற்குள் 1809-லிருந்து 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவியது. அதை விசாரிக்க மருத்துவர்கள் குழு போட்டு அறிக்கை எழுதும் அளவுக்குச் சாவு. உழ ஆள் இல்லாத ஊருக்குக் குத்தகைத் தொகை மட்டும் அப்படியே நின்றது.

1820-ல் மன்றோ கவர்னராகத் திரும்பி வந்த பிறகுதான் ரயத்துவாரி நிலைத்தது. நடுவில் ஆள் கிடையாது. ஒவ்வொரு பட்டாதாரரும் தன் சர்வே எண்ணுக்குத் தானே தீர்வை கட்ட வேண்டும். வேண்டாத நிலத்தை ஜமாபந்தியில் விட்டுவிடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் வருஷாவருஷம் தாலுகா ஆபீஸில் பந்தல் போட்டு ஜமாபந்தி நடக்கிறதே, அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆக ஒரே மண், ஒரே குடியானவர்கள், ஒரே கும்பெனி. முப்பது வருஷத்துக்குள் பாளையக்காரர், மிட்டாதார், குத்தகைதாரர், ரயத்துவாரி என்று நான்கு ஏற்பாடு. இதை எழுதி அண்ணன் மகளுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியே பேசினாள். "சித்தப்பா, இதை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கு!"

அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் சேர்ந்து 2005-ல் அமெரிக்கப் பொருளாதார இதழில் எழுதிய கட்டுரை அது. பானர்ஜி யார் என்று சொல்ல வேண்டியதில்லை, 2019-ல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களை, நிலவரி உரிமை ஜமீன்தாரிடம் இருந்தவை, குடியானவரிடமோ கிராமத்திடமோ இருந்தவை என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜமீன் ஒழிந்து பல காலம் ஆன பிறகும், சுதந்திர இந்தியாவில்கூட, பழைய ஜமீன் மாவட்டங்கள் விளைச்சலில் பின்தங்கின. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்றவற்றிலும் பின்தங்கின. முக்கியமாக, பசுமைப் புரட்சி வந்த அறுபதுகளின் நடுவிலிருந்துதான் இடைவெளி பெரிதாகிறதாம். அரசாங்கம் விதை, உரம், பாசனம் என்று கொடுக்க ஆரம்பித்தபோது, வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த இடங்கள் முந்திக்கொண்டன.

எனக்குப் பெருமையாக இருந்தது. நாங்கள் கட்டிக்காத்த ரயத்துவாரிக் கணக்குக்கு நோபல் பரிசுக்காரரே சான்றிதழ் கொடுத்துவிட்டார் அல்லவா? அவள் விடவில்லை. "அவசரப்படாதீங்க. 2013-ல குணால் சென் உள்பட மூணு பேர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டாங்க. மத்திய மாகாணத்து மாவட்டங்களைச் சேர்த்த விதம் தப்பு, திருத்தினா அந்த வித்தியாசம் நிக்கலைன்னு சொல்றாங்க." ஆராய்ச்சிக்காரர்கள் சண்டையும் எல்லைக்கல் சண்டை மாதிரிதான், ஒரு தலைமுறையில் தீராது.

அந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அவளுடைய அட்டவணையில் இல்லாத இரண்டு விஷயங்களைச் சொன்னேன்.

முதலாவது, ரயத்துவாரியைப் பற்றி நாம் பூசி மெழுகக் கூடாது. 1854-ல் மதராஸில் ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவர்களை அதிகாரிகள் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரைப் பற்றி. மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் மனுக்கள் வந்தன, சிலர் நாள் கணக்கில் நடந்தே வந்து சாட்சி சொன்னார்கள். 1855-ல் வெளியான அறிக்கை, நடந்தது உண்மை என்று ஒப்புக்கொள்கிறது. விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கிற கிட்டி, குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துகிற அண்ணாந்தாள். செய்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்ல; எங்கள் துறையின் மூதாதைகள், தாசில்தார்களும் சேவகர்களும்தான். நடு ஆள் கிடையாது என்பதற்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருந்தது. வசூலை மட்டும் வைத்து மார்க் போட்டால் அந்த அரசுக்கு பிளஸ் இரண்டரை போடலாம். அது யாருக்கான செயல்திறன்?

இரண்டாவது, கிணறு.

நம் திண்டுக்கல் சமவெளிக்கு ஜீவநதி கிடையாது. வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், வடமதுரைப் பக்கம் போனால் தெரியும், கிணறுதான் எல்லாம். பாறையை உடைத்து அறுபது எழுபது அடி தோண்டி, கமலை கட்டி இறைத்து வளர்த்த பூமி. பழைய முறைப்படி புஞ்சையில் ஒருவன் சொந்தக் காசில் கிணறு வெட்டினால் என்ன ஆகும்? நிலம் புஞ்சையாக இருந்தது தோட்டமாகிவிடும், தீர்வை ஏறிவிடும். தோண்டியவன் கடன் அடைப்பானா, தீர்வை கட்டுவானா? வெட்டாமலே இருந்துவிடுவான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான், குடியானவன் தன் செலவில் செய்துகொண்ட மேம்பாட்டுக்குக் கூடுதல் தீர்வை போடுவதில்லை என்ற கொள்கை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பிறகு கிணறுகள் பெருகின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கிராமங்களுக்கு மின்சாரம் வந்து, கமலை இருந்த மேட்டில் மோட்டார் உட்கார்ந்தது. பம்புசெட்டில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னால் நின்றது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையும், வேடசந்தூர் புகையிலையும், திராட்சைப் பந்தல்களும் இந்தக் கிணற்றடியிலிருந்து வந்தவைதான். இன்று ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் புகைதான் வருகிறது, அது வேறு கதை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இங்கே அரசாங்கம் முதலில் செய்த நல்ல காரியம், கையை நீட்டாமல் இருந்தது. நூறு வருஷம் கழித்துச் செய்த நல்ல காரியம், கம்பி இழுத்துக் கொடுத்தது. இரண்டையும் ஒரே நிரலில் எப்படி மார்க் போடுவாய் என்று கேட்டேன். குறித்துக்கொண்டாள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் கேட்டாள்: "சித்தப்பா, கிணறு எத்தனை, எந்த நிலத்துல என்ன பயிர், இதெல்லாம் கிராமக் கணக்குல வருஷவாரியா இருக்குமில்ல? கருத்துக் கணிப்பை விட்டுட்டு அதையே எடுத்துக்கலாமே?"

இருக்கும். அடங்கல் என்பதே அதுதான். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர், எந்த மாதம் விதைத்தது, எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று எழுதுகிற பதிவேடு. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு தேர்வாணையம் வழியாக வந்தவர்களில் நான் ஒருவன். என் முதல் கிராமத்தில் பழைய கணக்குப்பிள்ளை பதிவேடுகளைச் சிவப்புத் துணியில் கட்டி ஒப்படைத்தார். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் இருந்த கட்டு. கோபத்தில் பேசமாட்டார் என்று நினைத்தேன். அவரோ என்னைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரை வரை நடந்து, எந்தெந்த எண் கணக்கில் ஒரு மாதிரியும் நிலத்தில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று காட்டினார். "மாசம் ஒரு தடவையாவது நடந்துருங்க தம்பி" என்றார்.

இரண்டு வருஷம் நடந்தேன். மூன்றாவது வருஷம் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டு வேலை, யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்வது, தலைக்குமேல் இருந்தது. அடங்கலை வீட்டில் உட்கார்ந்து முந்தைய வருஷத்தைப் பார்த்து எழுதினேன். மேட்டுப் புஞ்சைகளை மொத்தமாகத் தரிசு என்று போட்டேன். அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பயிர் கருகியவர்களுக்கு நிவாரணம் என்று உத்தரவு வந்தபோது, அடங்கலில் பயிர் இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. மேட்டுப் புஞ்சையில் சோளம் விதைத்துக் கருகக் கொடுத்த ஒருவர் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "நான் வெதச்சது எனக்குத் தெரியும், கருகுனது ஆகாசத்துக்குத் தெரியும். சர்க்காருக்கு மட்டும் தெரியலைங்களே" என்றார். ஜமாபந்தி முடிந்து கணக்கில் கையெழுத்தாகிவிட்டது. என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. செய்திருக்கலாமோ என்னவோ, தாசில்தாரிடம் போய் நான் பார்க்காமல் எழுதிவிட்டேன் என்று சொல்லும் தைரியம் அப்போது இல்லை.

ஹர்டிஸின் ஆட்கள் நடந்து எழுதினார்கள். நான் நடக்கவில்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி சித்தப்பா, உங்க கிராமத்துக் கணக்குல எந்தெந்த வருஷத்தை நான் நம்பி எடுத்துக்கலாம்?" என்று கேட்டாள்.

"நான் இருந்தவரைக்கும் எல்லாத்தையும் எடுத்துக்கம்மா. பசலி 1396 மட்டும் வேண்டாம்" என்றேன்.